ஆண் குயிலைப் பெண்ணாக்காதீர்கள்: விலங்கொலி கேட்பதில் நாம் செய்யும் தவறுகள்

நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்கிறோம். பங்குனி வெயிலில் வைகைக் கரை வேம்புக்குள் ஒளிந்துகொண்டு சுருதியை ஏற்றி ஏற்றிக் கூவுவதோ ஆண். கன்னங்கரிய உடம்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெண்புள்ளி. அதன் குரல் 'கிக் கிக்' என்ற கீச்சல். குரல் இனித்தால் பெண்தான் என்பது நம் ரசனை, பறவைக்கு அதில் பங்கில்லை.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே மறுகோடிக்குப் போய், 'பெண் பறவைகள் பாடுவதே இல்லை' என்கிறார்கள். அதுவும் தவறு. பாடும் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றில் பெண்ணும் பாடுகிறது என்று 2014இல் வெளியான விரிவான ஆய்வொன்று காட்டியது. 'பாடும் பறவை' என்பது விஞ்ஞானிகள் பிரித்து வைத்திருக்கும் ஒரு தனிக் கூட்டம்; குயில் அதைச் சேர்ந்ததே அல்ல. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் பருவம் வந்ததும் அது கூவுவது குயிலின் கூவலைத்தான். அந்தப் பாட்டு பிறப்பிலேயே வருவது, கேட்டுப் பழகியது அல்ல.

பல்லிக்கு வருவோம். கல்யாணப் பேச்சின் நடுவே பல்லி 'சொன்னால்' தரையை விரலால் சுண்டுவது எங்கள் வீட்டு வழக்கம். நானும் சுண்டுகிறேன், கை தானாகப் போய்விடுகிறது. ஆனால் ஒருநாள் ராத்திரி டியூப் லைட் அருகே கவனித்தேன். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்த பல்லி ஒன்று 'ச்சிக் ச்சிக்' என்றது; ஓரத்தில் இருந்த இன்னொன்று காலண்டருக்குப் பின்னால் பின்வாங்கியது. இடத்துக்கான உரிமைப் பேச்சும் துணை தேடும் பேச்சுமே பல்லியின் சொல். நம் வீட்டுச் சம்பந்தம் அதன் காதில் விழுவதே இல்லை.

சத்தத்தைக் கேட்டதும் 'என்ன சொல்கிறது?' என்று கேட்பதைவிட 'யார் கேட்பதற்காக?' என்று கேட்பது பயன் தரும். மதுரைக்குப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நடந்தால் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். அது ஊருக்குச் செய்யும் சேவை அல்ல. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே கிடக்கும் முட்டைகளிடமிருந்து நம்மை விரட்டுகிறது. சத்தம் கேட்கும் திசையில் முட்டையைத் தேடிப் போவதும், நின்று வீடியோ எடுப்பதும் பெரிய தவறு. கோடையில் தாயும் தந்தையும் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை இது. நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும்.

காதில் விழுவதெல்லாம் செய்தி என்று நினைப்பதும் தவறு. சொல்பவருக்கு ஆதாயம் இருந்ததால் தலைமுறை தலைமுறையாக உருவானதுதான் செய்தி. தவளை தாவும்போது எழும் சலசலப்பு யாருக்கும் சொல்வதற்காக எழுவது அல்ல, வெறும் கசிவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானிய ஆய்வாளர் நாய்வைலரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. பொய்ரத்தக்காட்டேரி வௌவால் தவளை போன்ற இரையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இரை அசையும் சத்தத்தைக் கேட்டுத்தான். வௌவால் என்றாலே தன் எதிரொலியை மட்டும் நம்பும் பிராணி என்று படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் எதிரொலி பார்ப்பதே இல்லை. கண்ணாலும் மூக்காலும் பிழைக்கின்றன.

கசிவு மட்டுமல்ல, செய்தியும் எதிரி காதில் விழும். ஆகவே 'உரக்கக் கத்துவது ஜெயிக்கும்' என்ற கணக்கு எப்போதும் சரிவராது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில் ஆண் சுவர்க்கோழிப் பூச்சிகள் சிறகை உரசிப் பாடிப் பெண்ணை அழைக்கும். அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு ஈ வந்து, பாடகன் மேலேயே புழுக்களை விட்டுவிடும். புழுக்கள் உள்ளே புகுந்து அதைத் தின்னும். 20 தலைமுறைக்குள் அந்தத் தீவின் ஆண்களில் பெரும்பாலானவை ஊமையாகிவிட்டன என்று உயிரியலாளர் மார்லீன் ஸூக் குழுவினர் 2006இல் எழுதினார்கள். 'ஈக்குப் பயந்து பாடுவதை நிறுத்தின' என்று இதைச் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பூச்சியும் முடிவெடுக்கவில்லை. உரசும் பகுதி அழிந்த சிறகோடு தற்செயலாகப் பிறந்தவை பிழைத்துப் பெருகின, பாடியவை செத்தன. அந்த ஊமைகள் பெண்ணைத் தேடும் விதம்தான் வேடிக்கை: மிச்சமிருக்கும் பாடகனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை வழிமறிக்கின்றன.

கடைசியாக ஒன்று, இது நானே செய்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் போகும் வழியில், ஒரு தோப்பில் குண்டுக்கரிச்சான் குருவியைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டு, கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டேன். எதிராளி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆண் பறவை வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு கைபேசியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, கிளை மாறி மாறி உட்கார்ந்து எதிராளியைத் தேடியது. பத்து நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: அதன் அலகில், குஞ்சுக்கு எடுத்துப்போக வைத்திருந்த புழு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.