என்பிடெல் கோர்ஸைப் பாதியில் விடாமல் முடிப்பது எப்படி?

கொரோனா போய்விட்டது, கல்லூரிகள் பழையபடி நடக்கின்றன, ஆனால் ஆன்லைன் படிப்பு மட்டும் போகவில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் கோர்ஸ் தளமான என்பிடெல்லில் (NPTEL) ஒரு கோர்ஸாவது முடி, கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி) கிடைக்கும் என்று கல்லூரியிலேயே சொல்கிறார்கள். மாணவர்களும் ஜனவரியிலோ ஜூலையிலோ ஆசையாகச் சேர்கிறார்கள், அப்புறம் மூன்றாவது வாரத்தில் நிறையப் பேரைக் காணோம். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2020-ல் பத்தாம் வகுப்புக்கும், 2021-ல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டுக்கும் பொதுத்தேர்வே நடக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டு 'பிரசன்ட் சார்' என்று டைப் செய்தால் அன்றைய வகுப்பு முடிந்தது என்ற பழக்கம் அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இந்தக் கோர்ஸை முடிக்க முடியாது.

ஏன் என்று மதிப்பெண்ணைப் பார்த்தால் தெரியும். வாராவாரம் தரும் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 8 வாரக் கோர்ஸ் என்றால் சிறந்த 6 அசைன்மென்ட், 12 வாரம் என்றால் சிறந்த 8, அதன் சராசரியைத்தான் எடுப்பார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாக வாங்கியாக வேண்டும். டெலிகிராமில் வரும் விடைகளைப் பார்த்து டிக் அடித்தே 25-ஐயும் அள்ளிவிடலாம், ஆனால் தேர்வு ஹாலில் ஃபோன் இருக்காது, பக்கத்தில் நண்பனும் இருக்கமாட்டான். அதனால் அசைன்மென்ட்டை முதலில் நீங்களே போடுங்கள், தப்பாகவே போகட்டும், ஒன்றிரண்டு வாரம் சொதப்பினாலும் மேலே சொன்ன கணக்கில் அடிபடாது. கடைசித் தேதி முடிந்ததும் சரியான விடைகளை வெளியிடுவார்கள். எது தப்பாகப் போனது, ஏன் போனது என்று அன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள். தேர்வுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

முதல் முறை என்றால் 12 வாரக் கோர்ஸ் வேண்டாம், 4 அல்லது 8 வாரம் போதும். அதுவும் செமஸ்டரில் ஏற்கெனவே ஓடும் பாடத்தோடு ஒட்டியதாக இருந்தால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். கிரெடிட்டுக்காகச் சேர்கிறீர்கள் என்றால், உங்கள் துறை அந்தக் கோர்ஸை ஏற்றுக்கொள்ளுமா என்று கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சான்றிதழ் வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

டேட்டா பிரச்சினை நிஜமான பிரச்சினை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அதில் வீட்டில் இன்னொருவருக்கும் ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டும் என்றால் வீடியோவின் தரத்தை 360p-ல் வைத்துப் பாருங்கள், போர்டில் எழுதுவது அதிலேயே ஓரளவு தெரியும். கல்லூரி வைஃபை கிடைக்கும்போது அந்த வார வீடியோக்களை மொத்தமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். பேராசிரியர் பேசுவதை எழுத்தாக்கி பிடிஎஃப் ஆகவும் போடுகிறார்கள், நிறையக் கோர்ஸ்களுக்குத் தமிழிலும் உண்டு. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு வீடியோவைப் போட்டால் அந்த வேக ஆங்கிலம் அவ்வளவாக மிரட்டாது. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

பார்க்கும்போது நோட்டில் கையால் எழுதுங்கள். அரை மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். 2x வேகத்தில் ஓடவிட்டால் பார்த்த திருப்தி மட்டும்தான் மிஞ்சும்.

தனியாகப் படிக்காதீர்கள். பெரிய வாட்ஸ்அப் குழு வேண்டாம், அது விடை கேட்கும் இடமாகிவிடும். அதே கோர்ஸில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, வாரத்தில் ஒரு மாலை, நூலகமோ மரத்தடியோ, நேரில் உட்கார்ந்து அவருக்கு ஒரு தலைப்பை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், அவர் உங்களுக்கு ஒன்று சொல்லட்டும். இரண்டு பேருக்கும் புரியாததைக் கோர்ஸின் விவாதப் பகுதியில் கேளுங்கள், உதவி ஆசிரியர்கள் பதில் எழுதுவார்கள்.

கடைசியாக, கோர்ஸில் சேருவது இலவசம், ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். ஒரு கோர்ஸுக்கு 1000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. இந்தத் தேதியை விட்டுவிட்டால் அந்த முறை தேர்வு எழுத முடியாது, எனவே பதிவு திறந்த வாரமே கட்டிவிட்டு, பஸ்ஸில் காலையில் போய்ச் சேரக்கூடிய ஊரையே தேர்வு மையமாகத் தேர்ந்தெடுங்கள்.