கொசு பழகிக்கொள்வதில்லை: பரிணாமப் பாடம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்கு பி.எட். பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பாடத்தை அவர்களில் யாராவது ஒருவர் ஆசையோடு கேட்டு வாங்கிக்கொள்வார். நான் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பணியில் சேர்ந்த புதிதில் நான் எந்த வரிசையில், எந்த உதாரணங்களோடு நடத்தினேனோ, அச்சு அசலாக அதே வகுப்பு என் கண்முன் நடக்கும். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; தாங்கள் படித்த விதத்திலேயே நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

டார்வின் சென்ற கப்பலின் பெயரை மாற்றிச் சொல்வது, 1859-ஐ 1895 என்று எழுதிவிடுவது போன்ற தவறுகளை இங்கே எடுக்கப்போவதில்லை. மறுநாள் ஒரு வரியில் திருத்திக்கொள்ளலாம். “மனிதன் குரங்கிலிருந்து வந்தானா?” என்ற கேள்விக்கு மூதாதையர் பொது என்று பதில் சொல்லவும் இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. திருத்த முடியாமல் மாணவரின் தலைக்குள் தங்கிவிடும் தவறு வேறு.

ஒட்டகச்சிவிங்கியில் தொடங்குவது

கரும்பலகை நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் டார்வினுக்கு முன்பே பரிணாமம் பேசிய லாமார்க், வலப்பக்கம் டார்வின். இரு பக்கமும் மரம், மரத்தடியில் ஒட்டகச்சிவிங்கி. பயிற்சி ஆசிரியர் படம் வரைவதில் கெட்டிக்காரராக இருந்துவிட்டால் கேடு இன்னும் அதிகம்.

இடப்பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. பசி, முயற்சி, கழுத்தை நீட்டி நீட்டி உயரக் கிளையை எட்டிய வெற்றி, அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்சென்ற பெற்றோர். வலப்பக்கத்தில் கதாநாயகனே இல்லை. பல விலங்குகள் பிறக்கின்றன, ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுகின்றன, பெரும்பாலானவை சந்ததி விடாமல் சாகின்றன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எது நினைவிருக்கும்? தேர்வு முடிந்த மறுவாரமே இடப்பக்கக் கதைக்கு மேல் டார்வின் பெயர் ஏறி உட்கார்ந்துவிடும்.

இத்தனைக்கும் அந்த உதாரணத்துக்கு அவ்வளவு தகுதி கிடையாது. லாமார்க் 1809-இல் எழுதிய நூலில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்தது ஒரு சிறு பத்தி. டார்வின் 1859-இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் பதிப்பில் அதன் கழுத்தை விளக்கவே இல்லை. ஈ ஓட்டும் வாலைப் பற்றித்தான் பேசினார். மைவர்ட் என்பவரின் மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டி வந்ததால் 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில் கழுத்து நுழைந்தது. கழுத்து நீண்டதற்குத் தீனிதான் காரணமா, ஆண் விலங்குகள் கழுத்தால் மோதிக்கொள்ளும் சண்டையா என்ற விவாதம் 1996-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையால் கிளம்பியது. யாரும் நேரில் பார்க்காத, இன்னும் முடிவாகாத ஒன்றை அடிப்படைப் பாடத்தின் முதல் உதாரணமாக வைக்கிறோம்.

அடுத்து, வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும் என்ற லாமார்க்கை வீழ்த்தும் படலம். தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோமே, எந்தக் குழந்தையாவது துளையோடு பிறந்ததா என்று ஆசிரியர் கேட்பார். வகுப்பு சிரிக்கும். கேள்வியில் தவறில்லை, நானும் கேட்பதுண்டு. ஆனால் அந்தச் சிரிப்போடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். காலாண்டுத் தேர்விலோ அரையாண்டுத் தேர்விலோ கொசு மருந்தைப் பற்றி ஒரு கேள்வி வரும். விடைத்தாளில் இப்படி இருக்கும்: “மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தியதால் கொசுக்கள் மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொண்டன. அந்த எதிர்ப்புத் திறன் அடுத்த தலைமுறைக்குச் சென்றது.”

காது குத்தியதைக் கேட்டுச் சிரித்த அதே பிள்ளை எழுதியது. லாமார்க் பெயர் மட்டும்தான் இல்லை. இதற்கு முழு மதிப்பெண் போடும் ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. “சாராம்சம் சரியாகத்தானே இருக்கிறது சார்” என்பார்கள். சாராம்சம்தான் தவறு. இலக்கணப் பிழை இருந்தால் நானே மன்னித்துவிடுவேன்.

இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: எந்தக் கொசு? மருந்து அடித்த அன்று அங்கே இருந்த கொசுக்களில் எது மாறியது? எதுவும் மாறவில்லை. டி.டி.டி.யும் கொசுவர்த்தியில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளும் கொசுவின் நரம்பில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தாக்குகின்றன. அந்தப் புரதத்தின் அமைப்பு மரபணுத் திரிபால் சற்று மாறியிருந்தால் மருந்து சரியாகப் பற்றுவதில்லை. அப்படிப்பட்ட சில கொசுக்கள் மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். சல்லடை எந்த அரிசியையும் பருமனாக்குவதில்லை. நொய்யைக் கீழே விடுகிறது, அவ்வளவுதான்.

மாணவருக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம், நாம் வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துவிடுவது. “ஓர் இனத்தைச் சேர்ந்த உயிரினங்களிடையே வேறுபாடுகள் காணப்படுகின்றன” என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். மாணவரின் மனத்திலோ கொசு என்றால் ஒரே ஒரு கொசு. அது மாறினால்தான் இனம் மாறும். ஆகவே பழகிக்கொண்டது என்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே தெரிவதில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். மொச்சைக் கொட்டையை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவிகளை வாங்கிவந்து, ஆளுக்குச் சில கொட்டைகளை அளக்கச் சொல்கிறேன். பலகையில் மில்லிமீட்டர்களைக் குறித்து, ஒவ்வோர் அளவுக்கும் மேலே ஒரு பெருக்கல் குறி. நடுவில் குன்று போல எழும்பி இருபுறமும் சரியும் வடிவம் கண்முன் வளரும். எல்லாம் ஒரே மொச்சைதானே என்று கேட்ட பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். (இங்கே ஓர் எச்சரிக்கை. மொச்சை காட்டுவது வேறுபாட்டை மட்டுமே. அந்த வேறுபாடு மரபுவழி வந்ததா, மண்ணும் நீரும் தந்ததா என்று மொச்சை சொல்லாது. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.)

அந்தப் படம் பலகையில் இருக்கும்போதே கலாபகஸ் தீவுக்கூட்டத்துக்குப் போகலாம். அங்கே டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் தரைக் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து விட்டார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது ஒரு நெருஞ்சிச் செடியின் முள்காய். நம் ஊர் வரப்பில் காலில் தைக்கும் நெருஞ்சியின் நெருங்கிய உறவுச் செடிதான் அது; அதன் கடினம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முடிந்தால் ஒரு காயைக் கையில் கொடுத்து நகத்தால் பிளக்கச் சொல்லுங்கள்.

நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு ஆழம், அதாவது மேலிருந்து கீழான தடிமன், வறட்சிக்கு முன்பிருந்த சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அதிகம். வளையமிட்ட குருவிகள் என்பதால் எது பிழைத்தது, அதன் அலகு வறட்சிக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று ஏட்டில் இருக்கிறது. எந்தக் குருவியும் காயோடு போராடி அலகைப் பெருக்கிக்கொள்ளவில்லை. பலகையில் உள்ள குன்றின் இடப்பக்கக் குறிகளை அழித்துக்காட்டுங்கள். மீதமுள்ளவற்றின் சராசரி தானாக வலப்பக்கம் நகரும். தடித்த அலகுள்ள பெற்றோருக்குத் தடித்த அலகுள்ள குஞ்சுகள் பிறப்பதையும் அளந்தே உறுதிசெய்திருந்தார்கள். அதனால் மறு ஆண்டுக் குஞ்சுகளிடமும் அந்த நகர்வு தெரிந்தது.

வகுப்பில் கூர்மையான ஒரு பிள்ளை எப்படியும் இருக்கும். “எதிர்ப்புத் திறன் மருந்துக்கு முன்பே இருந்தது என்று எப்படிச் சார் தெரியும்? மருந்து பட்டதால் வந்திருக்கலாமே?” என்று கேட்கும். மழுப்பாதீர்கள். ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் 1952-இல் வெளியிட்ட சோதனை அந்தக் கேள்விக்காகவே செய்யப்பட்டது. பாக்டீரியாத் திட்டுகள் வளர்ந்த தட்டின்மேல் வெல்வெட் துணி சுற்றிய கட்டையை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த புதுத் தட்டுகளில் ஒற்றினார்கள். எத்தனை தட்டில் ஒற்றினாலும் திட்டுகள் அதே இடங்களில்தான் முளைத்தன. பிறகு மருந்தே படாத மூலத் தட்டுக்குத் திரும்பி, அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புத் திறன் அங்கேயே இருந்தது. ரப்பர் ஸ்டாம்பும் இரண்டு வெள்ளைத் தாள்களும் இருந்தால் இதை மேசையிலேயே காட்டிவிடலாம்.

இந்தத் தவறு வீட்டுக்கும் போகிறது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாவிட்டால் “உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று சொல்லாத வீடு எது? பழகியது உடம்பு என்றால் அது அந்த ஒருவரின் பிரச்சினை. எதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியாதான் பெருகியிருக்கிறது என்றால், அது பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் தொற்றும், அவருக்கும் அதே மருந்து பலிக்காது. பத்தாம் வகுப்பில் நாம் வைத்த பிழையோடு ஒருவர் வாழ்நாள் முழுவதும் மருந்துக் கடைக்குப் போய்வருகிறார்.

தசாவதாரமும் ஆறறிவும்

மச்சம், கூர்மம், வராகம் என்று வரிசைப்படுத்தி, டார்வினுக்கு முன்பே நமக்குத் தெரியும் என்று முடிக்கும் வகுப்பை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். தமிழ்ப் பற்றுள்ளவர் என்றால் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான வகைப்பாட்டை எடுத்துக்கொள்வார். இரண்டும் அவற்றுக்குரிய இடத்தில் அழகானவை. ஆறறிவு வகைப்பாடு புலன்களைக் கொண்டு உயிர்களைப் பிரித்த கூர்மையான வேலை. ஆனால் இரண்டிலும் வேறுபாடு, மரபுவழி, இயற்கைத் தேர்வு எதுவும் கிடையாது. புல் ஒருநாள் மனிதனாகும் வழியில் நின்றுகொண்டிருக்கிறது என்ற ஏணிப்படி எண்ணம் மட்டும் மாணவரிடம் மிஞ்சும். இன்றைய புல்லும் நம்மைப் போலவே நெடிய பரிணாமத்தைக் கடந்து வந்ததுதான்.

குனிந்த குரங்கு நிமிர்ந்து நடக்கும் படம்

சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அதுவும் அதே ஏணிப்படிதான்.

ஒரே சுற்றில் முடியும் விளையாட்டு

பச்சைத் துணியில் பச்சையும் சிவப்புமாகக் காகிதத் துணுக்குகளைத் தூவி, மாணவர்களைப் பறவைகளாக்கிப் பொறுக்கச் சொல்கிறார்கள். சிவப்பு முதலில் தீர்ந்ததும் கைதட்டல், மணி அடித்துவிடும். அங்கே காட்டியது மறைந்துகொள்ளும் நிறத்தை மட்டுமே. பிழைத்த ஒவ்வொரு துணுக்குக்கும் அதே நிறத்தில் குட்டிகளைச் சேர்த்து, மறுபடி பொறுக்கவிட்டு, சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைப் பலகையில் எழுதினால்தான் அது இயற்கைத் தேர்வு. இடையில் துணியைச் சிவப்பாக மாற்றிப் பாருங்கள், வகுப்பே எழுந்து நிற்கும்.

நல்ல பண்பு, கெட்ட பண்பு என்று பிரிப்பது

வலிமை, வேகம், அறிவு என்று பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்குக் கதிர் அரிவாள் இரத்தச்சோகை நல்ல மறுப்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கடுமையான நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோயில்லை, கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆண்டனி அலிசன் 1954-இல் இதை எழுதினார். நம் நாட்டில் இந்தப் பண்பைக் குறித்த தொடக்கப் பதிவுகளில் ஒன்று 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே எடுக்கப்பட்டது. மலேரியா இல்லாத ஊரில் இந்த மரபணுவால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பண்பு உதவும் என்பதைச் சூழல்தான் முடிவு செய்கிறது.

வகுப்பில் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் இருந்தால் யாரையும் சுட்டிப் பேசாதீர்கள். இதை நான் சொல்லவேண்டி வருவதே வெட்கம்.

“அப்படியானால் கடவுள் சார்?”

கேலியும் வேண்டாம், வாதமும் வேண்டாம். உயிரியல் எதை அளக்க முடியுமோ அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள்.

மனப்பாடத்தைச் சோதிக்கும் வினாத்தாள்

“இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை விளக்குக” என்று கேட்டால் புத்தக வரிகள் வரும். தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் டாப்னி மேஜர் குருவிகளையே மறுபடி கேட்கிறேன். 1977-இல் அலகின் சராசரி கூடியது. 1983-இல் எல் நினோவால் அந்தத் தீவில் பெருமழை கொட்டியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சராசரி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்?

ஒட்டகச்சிவிங்கியில் பாடத்தைத் தொடங்கியவர்கள் தயங்காமல் “இன்னும் பெரிதாகியிருக்கும்” என்று எழுதுவார்கள். சிலர் விடை எழுதாமல் கையைத் தூக்குவார்கள்: “மழைக்குப் பிறகு அங்கே என்ன விதை அதிகம் சார்?” அவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுவேன். கொடிகளும் புற்களும் மண்டி, நெருஞ்சியை அமுக்கிவிட்டு, தீவு முழுவதும் சிறு விதைகள். அடுத்த வறட்சியில் சிற்றலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன.