வார்டில் உங்களுக்கென்று ஒருவர்: இங்கிலாந்துக்கு வரும் செவிலியர்களுக்கு

இங்கிலாந்தின் அரசுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ் மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வரும் நம்மூர் செவிலியர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஆஸ்கி தேர்வைப் பற்றித்தான். 10 நிலையங்கள் கொண்ட அந்தச் செய்முறைத் தேர்வு முக்கியமானதுதான். ஆனால் அதற்குப் பயிற்சி தர ஆட்கள் இருக்கிறார்கள். தேறி, செவிலியர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்எம்சியின் பதிவேட்டில் பெயர் ஏறி, பேண்ட் 5 என்ற தொடக்கநிலைச் சம்பளப் படியில் செவிலியராகத் தனிப்பொறுப்பில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் முதல் ஆண்டுதான் உண்மையில் கடினமானது. அந்த ஆண்டில் உங்களைத் தாங்குவதற்கென்றே பிரிசெப்டர்ஷிப் என்றோர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றித் தெரியாமலேயே பலர் அந்த ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அனுபவமுள்ள சக செவிலியர் ஒருவர் உங்களுக்கென்று நியமிக்கப்படுவார். அவர்தான் உங்கள் பிரிசெப்டர். என்எம்சி இதற்கான கொள்கைகளை 2020இல் வெளியிட்டது. 2022 அக்டோபரில் என்ஹெச்எஸ் இங்கிலாந்து வெளியிட்ட தேசிய வழிமுறையின்படி இது 12 மாதத் திட்டம். பிரிசெப்டருக்குப் பதிவுபெற்ற பின் குறைந்தது ஓராண்டு அனுபவம் இருக்க வேண்டும். படிப்பு முடித்த கையோடு வருபவர்களுக்கு மட்டுமல்லாமல், வெளிநாட்டில் பயின்று இங்கே புதிதாகப் பதிவு பெறுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே, ஊரில் 8 ஆண்டுகள் ஐசியூவில் இருந்தவருக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் இது சட்டக் கட்டாயம் அல்ல. வழங்கும் விதம் இடத்துக்கு இடம் மாறும். பெயருக்கு ஒருவரை நியமித்துவிட்டு இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் கிடைக்காமல் மாதங்கள் ஓடிய கதைகளும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வார்டு மேனேஜரிடம் உங்கள் பிரிசெப்டர் யார் என்று கேளுங்கள். ட்யூட்டி அட்டவணையில் இருவரும் எந்தெந்த நாள் சேர்ந்து வருகிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் கற்க வேண்டியது மருத்துவ அறிவைவிட, இந்த இடத்தின் வழக்கங்கள்தாம். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கேனுலா போட்டிருப்பீர்கள். இங்கே பொதுவாக அந்த மருத்துவமனையின் பயிற்சியை முடித்துக் கையெழுத்து வாங்கும் வரை ஐவி மருந்தைக்கூடத் தனியாகக் கொடுக்க விடமாட்டார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு மனம் நொந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மூரில் உறவினர்கள் பக்கத்தில் இருந்து செய்யும் குளிப்பாட்டல், ஊட்டிவிடுதல், பெட்பேன் வைத்தல் எல்லாம் இங்கே செவிலியர் குழுவின் வேலை. சிஸ்டர் என்ற சொல்கூட இங்கே பொதுவாக ஒரு பதவியின் பெயர். எல்லாரையும் அப்படி அழைப்பதில்லை.

என் 3ஆவது வாரத்தில் ஓர் இரவுப் பணி. ஒரு முதியவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 26, நாடித்துடிப்பு 112, ஆக்சிஜன் அளவு 93. நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண்ணாகக் காட்டும் நியூஸ்2 அட்டவணைப்படி கூட்டினால் 7. ஏழு என்றால் உடனே மருத்துவரை அழைத்தாக வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தும் தொலைபேசியை எடுக்கக் கை வரவில்லை. சீனியரிடம் சொன்னால் அவர் டாக்டரிடம் சொல்லுவார் என்பதே நான் பழகிய முறை. என் பிரிசெப்டர் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு தாளில் நான்கே வரிகளை எழுதச் சொன்னார்: இப்போது என்ன நடக்கிறது, இவர் எதற்காகச் சேர்க்கப்பட்டார், நான் கவனித்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். “நீங்களே பேசுங்கள், நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்” என்றார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான், ஏன் தயங்கினீர்கள் என்று தனியாக அழைத்துக் கேட்டார். நோயாளியின் நிலையை இப்படி நான்கு பகுதிகளாகச் சொல்லும் முறைக்கு எஸ்பார் என்று பெயர். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த அந்த முறை, அன்றுதான் எனக்குக் கைவந்தது.

இன்று நானே பிரிசெப்டராக இருக்கும்போது நம்மவர்களிடம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு: புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவது. பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே கேட்பது மரியாதை அல்ல என்று வளர்ந்த நமக்கு இது இயல்பு. ஆனால் எதிரில் இருப்பவர் அந்தத் தலையசைப்பை “எனக்குத் தெரியும், நானே செய்துவிடுவேன்” என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். பிறகு மருந்து ஏற்றும் ஒரு பம்பின் முன்னால் நீங்கள் தனியாக நிற்பீர்கள். “இதை நான் செய்ததில்லை, ஒருமுறை காட்டுங்கள்” என்று சொல்லுவதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. சொல்லாமல் செய்து தவறுவதுதான் குறையாகும். பிரிசெப்டர் உங்களுக்கு மதிப்பெண் போடுபவர் அல்ல என்பதால், இதை முதலில் சொல்லிப் பழக ஏற்றவர் அவரே.

அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். அது புகார் ஆகாது. வார்டில் யாரிடமும் சொல்ல முடியாத நிலை வந்தால், இங்கிலாந்தின் ஒவ்வொரு என்ஹெச்எஸ் டிரஸ்டிலும் (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) ஊழியர்கள் தயங்காமல் மனம்விட்டுப் பேசுவதற்கென்றே ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்றொருவர் இருக்கிறார், அவரிடம் போகலாம்.

முதல் சந்திப்புக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். அந்த வாரம் தடுமாறிய இடங்கள், ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் காதில் விழுந்தும் புரியாத சுருக்கச் சொற்கள் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆனால் நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது என்எம்சி கேட்கும் 5 அனுபவக் குறிப்புகளை எழுதவும் அந்த நோட்டு உதவும்.