பழைய தொலைக்காட்சிப் பதிவுகளைச் சுருக்கும் முன்னும் சுருக்கும்போதும்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் என டர்பனைச் சுற்றியுள்ள பல தமிழ் வீடுகளில் துணி அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் கிடக்கும். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி, தைப்பூசக் காவடியைப் பற்றிய தொகுப்பு, பேத்தி தமிழ்ப் பள்ளிக் குழுவோடு ஆடிய நடனம், கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியின் நேர்காணல் என்று, ஒருமுறை ஒளிபரப்பாகிவிட்டால் மறுமுறை கிடைக்காத பதிவுகள் அதில் இருக்கும். டிஸ்க் நிரம்பியதும், 'இதையெல்லாம் கொஞ்சம் சின்னதாக்கிக் கொடு' என்று கணினி தெரிந்த பிள்ளையிடம் அதை ஒப்படைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். காணொளியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் படத்திலிருந்து ஏதோ ஒன்று திரும்பி வராதபடி போய்விடுகிறது. எனவே, மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வேண்டும் என்று தெரிந்தால், எல்லாத் திருத்தங்களையும் ஒரே மாற்றத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பதிவுக் கருவி சேமிக்கும் கோப்பு பெரும்பாலும் டி.எஸ். என்ற வகையைச் சேர்ந்தது. அலைவரிசையில் வரும் தரவு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. கருவி அவற்றை வந்தபடியே கோப்பில் அடுக்கிவிடுகிறது. வழியில் சில பொட்டலங்கள் கெட்டாலும் மற்றவை பிழைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இடத்தை மிச்சப்படுத்துவது அதன் நோக்கம் அன்று. கோப்பின் அளவைத் தீர்மானிப்பது படம் சுருக்கப்பட்ட முறையும், நொடிக்கு எத்தனை பிட் ஓடுகிறது என்பதும்தான். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட், 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிகாபைட்.

நம் வீடுகளில் இருவகைப் பதிவுகள் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டி.வி.பி.-டி2 முறையில் வருகிறது. அதில் படம் ஏற்கெனவே எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதற்கு முன், அனலாக் ஒளிபரப்பை டி.வி.டி. ரெக்கார்டரிலோ கணினியின் டி.வி. கார்டிலோ பிடித்துவைத்த பதிவுகள் பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் இருக்கும். எம்பெக்-2 தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்தது, எச்.264 2003-இல் வந்தது, எச்.265 2013-இல் வந்தது; புதியது பழையதைவிடச் சிறிதாகச் சுருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரலில் கோப்பைத் திறந்தால் போதும். படத்தின் முறை, அகல உயரம், பிட் வேகம், ஒலியின் வகை ஆகிய அனைத்தையும் அது ஒரே பக்கத்தில் காட்டிவிடும்.

அங்கே ஏ.வி.சி. (எச்.264-இன் இன்னொரு பெயர்) என்று தெரிந்தால், நான் பெரும்பாலும் படத்தை மாற்றவே மாட்டேன். உறையை மட்டும் மாற்றுவேன். அதாவது, உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல் டி.எஸ். உறையிலிருந்து எடுத்து எம்.கே.வி. உறையில் போடுவேன். எம்.கே.வி.டூல்நிக்ஸ் என்ற நிரல் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். தரத்தில் இழப்பே இல்லை. அளவு சற்றுத்தான் குறையும், ஆனால் விளம்பரங்களையும் நிகழ்ச்சிக்கு முன்பின் ஓடிய பகுதிகளையும் வெட்டிவிட்டால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக இடம் கிடைக்கும். எம்பெக்-2 பதிவுகளைத்தான் உண்மையில் மாற்ற வேண்டும். அவற்றை எச்.264-க்குக் கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியும் இழப்பு இன்றி அளவைப் பெரும்பாலும் பாதியாக்கலாம்.

கட்டணச் சேனல் பெட்டிக்குள் பதிவாகும் நிகழ்ச்சிகள் பூட்டிய நிலையில் இருப்பதால், அவற்றைக் கணினிக்கு எடுத்துச் சென்று பயனில்லை. இங்கே சொல்வது இலவச ஒளிபரப்பின் பதிவுகளுக்கு மட்டுமே.

பதிவுக் கருவியில் செருகிய பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 என்ற கோப்பு முறையில் இருந்தால், ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஆகவே நீண்ட நிகழ்ச்சியைக் கருவி துண்டு துண்டாகச் சேமித்திருக்கும். இந்தத் துண்டுகளைத் தனித்தனியாக மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒலி தடுமாறும். முதலில் ஒட்டுங்கள். எம்.கே.வி.டூல்நிக்ஸில் முதல் துண்டைச் சேர்த்த பிறகு, அடுத்தடுத்த துண்டுகளைப் புதிய கோப்பாகச் சேர்க்காமல் முதல் துண்டின் தொடர்ச்சியாகச் சேர்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு அவிடிமக்ஸ் என்ற நிரல் எளிது. படத்துக்கும் ஒலிக்கும் 'காப்பி' என்பதையே விட்டுவிட்டு, விளம்பரம் தொடங்கும் இடத்தில் ஏ குறியையும் முடியும் இடத்தில் பி குறியையும் வைத்து அழிக்க வேண்டும். இப்படி மாற்றாமல் வெட்டும்போது, முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட கீஃபிரேம்களில் மட்டுமே வெட்டு சரியாக விழும். வேறு இடத்தில் வெட்டினால் அடுத்த சில கணங்கள் சாம்பல் கட்டங்களாகச் சிதறும். அவிடிமக்ஸில் மேல் அம்புக்குறி விசை உங்களை அடுத்த கீஃபிரேமுக்கு நேராகக் கொண்டு செல்லும். வெட்டியதை எம்.கே.வி.யாகச் சேமித்துக்கொள்ளுங்கள், மாற்றத்துக்கு உள்ளே செல்ல வேண்டியது இந்தக் கோப்புதான்.

இனி மாற்றம். நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற நிரல். இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். அதில் பலர் தொடாமல் விட்டுவிடும் ஓர் அமைப்புதான் விளைவை ஆக்குவதும் கெடுப்பதும். பழைய ஒளிபரப்பு நொடிக்கு 25 பிரேம்கள் கொண்டதாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் நொடிக்கு 50 அரைப்படங்களாக வந்தது; ஓர் அரைப்படத்தில் ஒற்றைவரிசைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைவரிசைக் கோடுகள். இரண்டுக்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கடந்துவிடுவதால், அசையும் கை முதல் அரைப்படத்தில் ஓரிடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் இருக்கும். பழைய டியூப் டி.வி.யில் இது தெரியவே தெரியாது. கணினித் திரையிலோ, ஆடும் பெண்ணின் விரல்களிலிருந்து சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யாமல் சுருக்கினால் இரட்டை நஷ்டம்: கோடுகள் படத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும், அந்தக் கோடுகளைக் காப்பாற்றவே நிரல் ஏராளமான பிட்களைச் செலவழித்துவிடும்.

ஆகவே 'ஃபில்டர்ஸ்' பகுதிக்குச் சென்று 'டீஇன்டர்லேஸ்' என்பதில் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேர்காணல், செய்தி போன்றவற்றுக்கு இயல்பான அமைப்பே போதும். நொடிக்கு 25 பிரேம்கள் வரும். நடனத்துக்கும் காவடி ஊர்வலத்துக்கும் 'பாப்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பிரேம் வேகத்தை 50 என்று குறித்துவிட வேண்டும். அப்போது ஒவ்வோர் அரைப்படமும் ஒரு முழுப்படமாக விரியும், அசைவு ஒளிபரப்பில் பார்த்தது போலவே வழுக்கிச் செல்லும். கோப்பு ஓரளவு பெரிதாகும். ஆட்டத்துக்கு அது தகும்.

அடுத்தது அகல உயரம், இதில் நானே அடிபட்டேன். பழைய பதிவு 720-க்கு 576 புள்ளிகள் என்று மீடியாஇன்ஃபோ காட்டும். ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 நிகழ்ச்சியானால் அது திரையில் 768-க்கு 576 ஆகவும், 16:9 நிகழ்ச்சியானால் 1024-க்கு 576 ஆகவும் விரிய வேண்டும். என் பெரியம்மா கோயிலில் பாடிய ஒரு நிகழ்ச்சியை நான் அவசரத்தில் 720-க்கு 576 சதுரப் புள்ளிகளாக மாற்றி, அசலையும் அழித்துவிட்டேன். அது 16:9 பதிவு. பெரியம்மா இன்றுவரை அந்தக் காணொளியில் விரதம் இருந்தவரைப் போல மெலிந்தே தெரிகிறார். 'நான் எப்போது இப்படி இளைத்தேன்?' என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹேண்ட்பிரேக்கில் 'டைமென்ஷன்ஸ்' பகுதியில் 'அனமார்ஃபிக்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டுவிட்டால் இந்தத் தவறு நேராது. வட்டமான ஒரு பொருளை, குத்துவிளக்கின் அடியையோ சுவர்க் கடிகாரத்தையோ, முன்னோட்டத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறிய படத்தை 1080-ஆகப் பெரிதாக்குவதில் எந்தப் பயனும் இல்லை. இல்லாத விவரத்தை எந்த நிரலாலும் திருப்பித் தர இயலாது.

தரத்தைக் குறிப்பதற்கு இரு வழிகள் உண்டு: சராசரி பிட் வேகத்தைக் கட்டுவது ஒன்று, 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' மற்றொன்று. இரண்டாவதையே எப்போதும் பயன்படுத்துங்கள். காரணம் எளிது. நாற்காலியில் அமர்ந்து பேசும் பாட்டியின் பின்னால் சுவர் அசைவதில்லை. அதற்கு மிகக் குறைந்த பிட்கள் போதும். காவடி ஊர்வலத்திலோ மயிலிறகு, சாமந்தி மாலை, கற்பூரப் புகை, ஆயிரம் தலைகள் என்று ஒவ்வொரு புள்ளியும் அசைகிறது. இரண்டுக்கும் ஒரே சராசரியைக் கட்டினால், பாட்டிக்கு வீணாகக் கொட்டி முருகனுக்குப் பஞ்சம் வைத்தது போலாகும். 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' முறையில் நீங்கள் தரத்தை ஓர் எண்ணால் சொல்கிறீர்கள், அளவை நிரல் முடிவுசெய்கிறது. பழைய 576 வரிப் படங்களுக்கு 18 முதல் 22 வரையும், 1080 வரிப் படங்களுக்கு 20 முதல் 24 வரையும் ஹேண்ட்பிரேக் பரிந்துரைக்கும் எல்லை. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். எண்ணை 6 கூட்டினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். நான் பழைய பதிவுகளுக்கு 20 வைக்கிறேன். 'பிரீசெட்' வேகத்தை 'ஸ்லோ' என்று வைத்தால் நேரம் கூடும், அதே தரத்துக்குக் கோப்பு சிறிதாகும். கிராஃபிக்ஸ் கார்டின் துணையோடு விரைவாக மாற்றும் முறைகள் அவசரத்துக்கு நல்லவை. பாதுகாத்து வைக்க வேண்டியவற்றுக்கு வேண்டாம்.

முழு நிகழ்ச்சியையும் மாற்றும் முன், அதில் மிகவும் குழப்பமான இரண்டு நிமிடங்களை மட்டும் 'ரேஞ்ச்' பகுதியில் நொடிகளாகக் குறித்து மாற்றிப் பாருங்கள். புகையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண்ணை 2 குறையுங்கள்.

எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் பல வீடுகளின் பழைய டி.வி.களில் பென் டிரைவைச் செருகினால் அது ஓடாது. பெரியவர்கள் பார்ப்பதற்கானது என்றால் எச்.264, ஏ.ஏ.சி. ஒலி, எம்.பி.4 உறை என்று வையுங்கள். ஒலியில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்: பேச்சுக்கு நொடிக்கு 96 கிலோபிட் போதும் என்றாலும், நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் பதிவில் 160-க்குக் கீழே போனால் தவிலின் அடி மழுங்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு இந்த வேறுபாடு 30 மெகாபைட்டுக்கும் குறைவே.

லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை; ஆனாலும் மேசைக் கணினியில் இரவு முழுதும் ஓடும் வேலைக்கு அதை நினைவில் கொள்வது நல்லது. எம்.பி.4 கோப்பில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை வழக்கமாக வேலை முடியும்போதுதான் எழுதப்படுகிறது; நடுவில் மின்சாரம் போனால், 90 விழுக்காடு முடிந்திருந்தாலும் அந்தக் கோப்பு திறக்காது. எம்.கே.வி. அப்படியன்று, எழுதிய வரை ஓடும். ஆகவே நான் முதலில் எம்.கே.வி.யாகவே மாற்றி, காலையில் உறையை மட்டும் எம்.பி.4-ஆக மாற்றிக்கொள்கிறேன். அவிடிமக்ஸ் அதை 'காப்பி' முறையில் ஓரிரு நிமிடங்களில் செய்துவிடும்.

முடிந்த கோப்பை வி.எல்.சி. பிளேயரில் திறந்து தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலும் பாருங்கள். முடிவில்தான் உண்மை வெளிப்படும்: மழைநாளில் சிக்னல் சிதறிய பதிவுகளில் உதடு ஒருபுறமும் குரல் ஒருபுறமும் மெல்ல விலகிச் செல்வது உண்டு. அப்படி இருந்தால், அசலை எம்.கே.வி.டூல்நிக்ஸ் வழியாக ஒருமுறை உறை மாற்றிவிட்டு, ஹேண்ட்பிரேக்கில் பிரேம் வேகத்தை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மீண்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் யாராவது ஒருவர் முழுவதையும் பார்த்து முடிக்கும் வரை அசலை அழிக்க வேண்டாம்.

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் தொடங்குங்கள். 2019 தீபாவளி நிகழ்ச்சியானால் 2019-10-27 என்று. பல டி.வி.கள் தமிழ் எழுத்துகளை வெற்றுக் கட்டங்களாகவே காட்டும், எண்கள் மட்டும் எல்லாத் திரையிலும் தெரியும். யார் யார் தோன்றுகிறார்கள் என்ற விவரத்தைத் தமிழிலேயே ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி, அதே பெயரிட்டு அருகிலேயே வைத்துவிடுங்கள்.