பிள்ளைகளோடு சாக்லெட் பார்க்கப் போகும் நாள்

கோலாலம்பூரில் பிற்பகல் வெயில் சர்வசாதாரணமாக 33 டிகிரியைத் தொடும். கொக்கோ வெண்ணெய் உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். பால் சாக்லெட் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். அதனால் சாக்லெட் தொழிற்சாலையைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் சரி. கோயிலோ கடைத்தெருவோ போக நினைத்திருந்தால் அதை வேறு நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பமாகப் போக வசதியான இடம், ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்பேட்டையில் உள்ள பெரில்ஸ் சாக்லெட் கிங்டம். 1995இல் தொடங்கிய உள்ளூர் நிறுவனத்தினுடையது. கார் இல்லாதவர்கள் எம்ஆர்டி ரயிலில் புத்ராஜெயா தடத்தில் வரலாம். காஜாங் தடத்தில் வருபவர்கள் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் மாறிக்கொள்ள வேண்டும். செர்டாங் ராயா பக்கம் இறங்கி, அங்கிருந்து கிராப் வாடகைக் கார் எடுங்கள். சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தொழிற்பேட்டைச் சாலையில் நடக்க வேண்டாம்.

முதல் நாளே போன் செய்து, நீங்கள் போகும் நாளில் தொழிற்சாலை ஓடுமா என்று கேளுங்கள். கடை திறந்திருக்கும் நாளெல்லாம் இயந்திரமும் ஓடும் என்று சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையில் ஒரு வார நாள் போவது நல்லது. பிள்ளைகள் தாங்களே சாக்லெட் செய்யும் பயிற்சி உண்டா, எத்தனை வயதிலிருந்து, தலைக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டிலேயே பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மாதிரித் துண்டுகளை அள்ளித் தின்னும் பிள்ளைக்கு அரை மணியில் குமட்டும். சுவைக்கும்போது கசப்புள்ள டார்க் சாக்லெட் முதலில், பால் சாக்லெட் அடுத்து, வெள்ளை கடைசியில். இனிப்பு நாக்கில் ஏறிய பிறகு டார்க் இன்னும் கசக்கும், பிள்ளை துப்பிவிடும். கடிக்காமல் நாக்கில் வைத்து உருகவிடச் சொல்லுங்கள். இடையில் ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாய் குளிர்ந்தால் கொக்கோ வெண்ணெய் உருகாது, மெழுகு மாதிரி ஒட்டும். சாதாரணத் தண்ணீர் போதும்.

சாக்லெட் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கொக்கோக் காய் கிளை நுனியில் அல்ல, பலா மாதிரி அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் காய்க்கும். ஒரு காயில் 30, 40 விதைகள் இருக்கும். அவற்றை வெள்ளைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, பிறகு காயவைப்பார்கள். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லெட் வாசம் வராது. மலேசியாவில் 1990 வாக்கில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. பிறகு காய்த்துளைப்பான் பூச்சியாலும் செம்பனையின் வரவாலும் கொக்கோ சுருங்கிப்போய், இன்று ஆலைகளில் அரைபடுவது பெரும்பாலும் இறக்குமதி விதைதான். பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ நட்ட காலம் உண்டு. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி கூட வந்தால், விளக்கப் பலகையை விட்டுவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.

செய்முறைப் பயிற்சியில் பெரிய எதிரி தண்ணீர். உருகிய சாக்லெட்டில் ஈரக்கை பட்டால்கூட அது மணல் மாதிரித் திரண்டு கெட்டியாகிவிடும். கை கழுவிய பிள்ளையின் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு உட்கார வையுங்கள். அச்சில் ஊற்றியதும் மேசையில் மெல்லத் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வரும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பாதி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போன்ற அச்சாக இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்னும் ஈரமாக, கருமையாகத் தெரியும் இடம் ஒட்டியிருக்கிறது. இறுகிய சாக்லெட் சுருங்கி அச்சைவிட்டு விலகும்போது அந்த இடம் பனி படர்ந்ததுபோல் மங்கும். எல்லாப் பக்கமும் மங்கிய பிறகு கவிழ்த்தால் தானாக விழும்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் செம்பனை விதைக் கொழுப்பு சேர்த்த வகை வெயிலைக் கொஞ்சம் கூடத் தாங்கும், விலையும் குறைவு. சுங்கைப்பட்டாணிக்கோ ஈப்போவுக்கோ பஸ்ஸில் கொடுத்தனுப்ப அது போதும். வீட்டில் ரசித்துச் சாப்பிட கொக்கோ வெண்ணெய் உள்ளதை எடுங்கள். சைவர்கள் மார்ஷ்மெல்லோ, ஜெல்லி நிரப்பியவற்றை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். ஹலால் முத்திரை இருந்தாலும் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். சிவப்புப் பூச்சு உள்ளவற்றில் E120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால், கச்சான் சேர்க்காத வகையிலும் எச்சரிக்கை வரியைப் பாருங்கள். ஒரே இயந்திரத்தில் பல வகை ஓடும்.

குளிர்ப்பையும் முந்தின இரவே உறைய வைத்த இரண்டு ஐஸ் கட்டிப் பைகளும் கொண்டுபோங்கள். சாக்லெட்டைக் காற்றுப்போகாத பிளாஸ்டிக் பையில் மூடி, ஐஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள். காரின் பின்பெட்டியில் வைக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இறங்கினால் பையையும் கையோடு கொண்டுபோய் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்ததும் பையைப் பிரிக்கப் பிள்ளைகள் பறப்பார்கள். ஒரு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். சில்லென்ற சாக்லெட்டை உடனே திறந்தால் காற்றின் ஈரம் மேலே வியர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சாக நிற்கும். தொட்டால் வழவழவென்று, விரல் சூட்டில் மறையும் வெள்ளை வேறு: வழியில் உருகி மறுபடி இறுகியதால் மேலே வந்த கொழுப்பு அது. இரண்டும் பூஞ்சணம் அல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். பார்வைக்குப் பிடிக்காவிட்டால் சூடான பாலில் கரைத்துக் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை இறுக மூடிய டப்பாவில் போட்டு, சம்பாலும் கருவாடும் இருக்கும் தட்டுக்குத் தள்ளி வையுங்கள். சாக்லெட் எந்த வாசத்தையும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். வீட்டில் நாய் இருந்தால் டப்பா அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். டார்க் சாக்லெட் நாய்க்கு விஷம்.