பழைய ஃபோர் வீல் பிக்கப்பில் முன் டிஸ்க் பிரேக்: மாஸ்டர் சிலிண்டரைக் கவனியுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை அன்றாட ஓட்டத்துக்குத் தயார் செய்யும்போது முன் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது நல்ல முடிவு. தண்ணீரில் இறங்கி ஏறினாலும் சீக்கிரம் பிடிப்பு திரும்பிவிடும். ஆனால் பெடல் மிதியைப் பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் பழைய மாஸ்டர் சிலிண்டரை மட்டும் அப்படியே விடாதீர்கள். டிரம்முக்கான சிலிண்டர் பலவற்றில் உள்ளேயே ரெசிடுவல் வால்வு இருக்கும். அது பெடலை விட்ட பிறகும் பிரேக் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிரம்மில் பிரேக் ஷூவை ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துவிடும். டிஸ்க்கில் அப்படி இழுக்க ஸ்பிரிங் இல்லாததால் பிரேக் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும், ஹப் சூடேறும்.

முன் டிஸ்க், பின் டிரம்முக்கான டிஸ்க்–டிரம் வகை சிலிண்டர்தான் சரி. அது கேபின் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிட (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தாழ்வாக இருந்தால் முன் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் ஆயில் பின்வாங்கி, முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். பின் லைனுக்கு, அங்கே போகும் அழுத்தத்தைக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வு போடுங்கள். காலியாக ஓடும் பிக்கப்பில் பின்பக்கம் லேசு, பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்வரை பின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

வேலை முடிந்ததும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்து, காலை எடுத்த பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைத் திறங்கள்: ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் லைனில் அழுத்தம் தேங்குகிறது; அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனையும், காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னையும் பாருங்கள்.