நெல் இலை நுனி காய்கிறதா? ஒரு கண்ணாடி டம்ளர் போதும்

காவேரிப்பட்டணம் பக்கம் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் இலை நுனி காய்ந்தாலே சத்துக் குறைவு என்று யூரியாவைத் தூவிவிடுகிறோம். பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருந்தால் அந்த யூரியாதான் நோய்க்குத் தீனி.

தூவும் முன் இதைச் செய்து பாருங்கள். பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை மூழ்கும்படி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் கலந்த புகைபோல் இழை இறங்கினால் பாக்டீரியாதான். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் வேறு காரணம். விடியற்காலையில் போனால் இன்னும் சுலபம்: இலையோரம் அலை அலையாக மஞ்சளாகி, அதில் பால்நிறச் சொட்டு நிற்கும், வெயில் ஏறியதும் மஞ்சள் மணியாகக் காய்ந்துவிடும்.

நட்ட சில வாரங்களில் பயிர் வாடினால் குருத்துப்பூச்சி என்றே தோன்றும். நடுக்குருத்தை இழுங்கள். கையோடு வந்தால் குருத்துப்பூச்சியின் புழுதான். வராமல், அடித்தண்டை நறுக்கி அழுத்தும்போது மஞ்சளாகக் கசிந்தால் இதே நோயின் 'கிரெசெக்' நிலை, அதாவது இளம்பயிரே வாடும் நிலை. நாற்று நுனியைக் கிள்ளி நடுவதை இதற்காகவே விட்டுவிடுங்கள், அந்தக் காயம் வழியாகத்தான் கிருமி நுழைகிறது.

உறுதியானால் யூரியாவை நிறுத்துங்கள். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். மருந்து வாங்கும் முன் இலையோடு பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒரு நடை போய் வாருங்கள்.